இரண்டு பண்ணைக்கு நடுவே ஓர் ஏக்கர்: சிறிய நாடுகளின் வெளியுறவு எப்படி நடக்கிறது?

2022 ஆகஸ்ட் 15 அன்று, கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில், இந்தியா ஒரு டோர்னியர் விமானத்தை இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. கடலைக் கண்காணிப்பதற்கான விமானம். மறுநாள் தெற்கே அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் வந்து நின்றது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் தொடர்ந்து கவனிக்கும் கருவிகள் அதில் உண்டு. அந்தக் கப்பல் வருவது பற்றி இந்தியா முன்பே கவலை தெரிவித்திருந்தது.

ஒரு நாள் விமானம், அடுத்த நாள் கப்பல். அந்த வாரம் நம் பக்கத்துப் பேச்சில் இரண்டு வார்த்தைகள்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. ஒன்று 'நன்றி கெட்டவர்கள்', இன்னொன்று 'விலை போய்விட்டார்கள்'. நேபாளம், மாலத்தீவு பற்றிப் பேச்சு வந்தாலும் இதே இரண்டுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் போன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல அண்டை நாடுகளைப் பற்றிப் பேசுகிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கோபப்படுவது தவறு என்பதற்காக அல்ல. கோபத்தில், உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். அதனால் அடிப்படையிலிருந்து ஒருமுறை பார்த்துவிடலாம். அரசியல் படித்திருக்க வேண்டியதில்லை.

## கடைமடையில் ஓர் ஏக்கர்

ஒரு விவசாயி. ஓர் ஏக்கர் நிலம். மேற்கே ஐம்பது ஏக்கர் பண்ணை, கிழக்கே அறுபது ஏக்கர் பண்ணை. வாய்க்கால் மேற்குப் பண்ணையைத் தாண்டித்தான் வருகிறது. அறுத்த நெல்லை ரோட்டுக்குக் கொண்டுபோகும் வண்டிப்பாதை கிழக்குப் பண்ணை வழியாகப் போகிறது. இரண்டு பண்ணைக்காரர்களுக்கும் ஆகாது.

மேற்கத்தியார் மடையை அடைத்தால் இவர் பயிர் காயும். கிழக்கத்தியார் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டால் நெல் களத்திலேயே கிடக்கும். பெரியவர்கள் இருவருக்கும் வரப்புத் தகராறு வந்தால் இரண்டு பேருமே இவரைத்தான் கூப்பிடுவார்கள்: "நீ பார்த்தாய் அல்லவா, வந்து சாட்சி சொல்." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இவர் நிலைமைக்கே சொன்னதுபோல இருக்கும்.

சரி, இவரிடம் பலமே இல்லையா? இருக்கிறது. நிலம் இருக்கும் இடம்தான் பலம். இவர் விற்றால் மேற்கத்தியார் வாங்கிவிடுவார் என்ற பயம் கிழக்கத்தியாருக்கு உண்டு. அதே பயம் அந்தப் பக்கமும் உண்டு. அதனால் இந்த ஓர் ஏக்கர் இவரிடமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருவருமே நினைக்கிறார்கள். யாராவது ஒருவரிடம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றோடு இந்த மதிப்பு போய்விடும். சேர்ந்த இடத்தில் பண்ணையாள், சேராத இடத்தில் எதிரி.

விவரமானவராக இருந்தால் வேறு சிலவும் செய்வார். சொந்தமாக ஒரு கிணறு வெட்டுவார். மடையை அடைத்துவிடுவேன் என்ற மிரட்டலில் பாதி அங்கேயே செத்துவிடும். சாட்சிக்குக் கூப்பிட்டால் "என் வரப்புவரைதான் எனக்குத் தெரியும்" என்பார். அக்கம்பக்கத்துச் சின்ன நிலக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தாலுகா ஆபீசில் மனுக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வீட்டில் அண்ணன் தம்பி சண்டை முற்றாமல் பார்த்துக்கொள்வார். அண்ணன் மேற்குத் திண்ணையிலும் தம்பி கிழக்குத் திண்ணையிலும் போய் உட்கார்ந்துவிட்டால், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இதுவரை பார்த்தது: சிறியவருக்குத் தேவைகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அவருடைய மதிப்பு, அவர் யாருக்கும் முழுக்கச் சொந்தமாகாமல் இருப்பதில் இருக்கிறது. இந்த ஏக்கரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

## ஊருக்கும் உலகத்துக்கும் உள்ள வேறுபாடு

ஊரில் தகராறு முற்றினால் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. இந்த நிலைக்கு அரசியல் அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் அனார்க்கி. குழப்பம், கலவரம் என்ற பொருளில் இல்லை. முறையிட மேலே ஆள் இல்லை என்ற பொருளில். ஐக்கிய நாடுகள் சபை இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் பாதுகாப்புச் சபையில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்துக்கும் வீட்டோ இருக்கிறது. வீட்டோ என்றால் ஒரே ஒரு எதிர் ஓட்டால் தீர்மானத்தையே விழச் செய்யும் உரிமை. யார் மீது புகாரோ அவரே நீதிபதி நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், 'சிறிய நாடு' என்பதைப் பரப்பளவை வைத்துச் சொல்வதில்லை. பின்லாந்து தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு பெரியது. வியட்நாமில் சுமார் 10 கோடிப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பின்லாந்துக்குப் பக்கத்து வீடு ரஷ்யா, வியட்நாமுக்குப் பக்கத்து வீடு சீனா. அண்டையில் இருப்பவர் நினைத்தால் நம் முடிவை மாற்ற வைக்க முடியும், நாம் நினைத்தால் அவர் முடிவை மாற்ற முடியாது. அந்த ஏற்றத்தாழ்வைத்தான் இங்கே சிறுமை என்கிறோம்.

## மூன்று போக்குகள்

இப்படிப்பட்ட நாடுகள் பொதுவாக மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. பயமுறுத்துகிறவருக்கு எதிராக இன்னொரு பெரியவரோடு கைகோத்துக்கொள்வது, அல்லது தானே படை திரட்டுவது ஒரு விதம். தராசின் மறுதட்டில் எடை வைப்பதுபோல. இதற்குச் சமன்செய்தல் என்று பெயர். எதிர்த்துப் பயனில்லை என்று அந்த வலியவரோடேயே போய்விடுவது ஒட்டிப்போதல். மூன்றாவதுதான் இன்று அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே: இருபுறக் காப்பு. ஆங்கிலத்தில் ஹெட்ஜிங் என்பார்கள். நெல்லை மட்டும் நம்பாமல் வரப்பில் கொஞ்சம் உளுந்தும் போட்டுவைப்பது போன்றது. ஒன்று போனாலும் இன்னொன்று வீட்டைக் காப்பாற்றும்.

வியட்நாமைப் பாருங்கள். 1979-ல் சீனாவோடு நேரடிப் போர் நடத்திய நாடு. அமெரிக்காவோடு நடந்த போரைச் சொல்லவே வேண்டாம். 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஹனோய்க்கு வந்தார். டிசம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார். 2024 ஜூனில் ரஷ்ய அதிபர் புதின் வந்தார். ராணுவக் கூட்டணி இல்லை, ஒருவரோடு சேர்ந்து இன்னொருவரை எதிர்ப்பதில்லை, அந்நியத் தளங்களுக்கு மண்ணில் இடமில்லை, பலப்பிரயோகம் இல்லை என்று நான்கு 'இல்லை'களைக் கொள்கையாகவே அறிவித்திருக்கிறது அந்த நாடு. மூன்று பேரையும் ஏமாற்றுகிறது என்று இதைப் பார்த்தால் தவறு. மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். யாரிடமும் முழுக்கப் போகமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கு எல்லோரையும் பழக்கிவைத்திருக்கிறது.

சமன்செய்தல், ஒட்டிப்போதல், இருபுறக் காப்பு. இந்த மூன்று பெயர் போதும். நிஜத்தில் ஒரே அரசு ஒரே ஆண்டில் மூன்றையும் கலந்து செய்யும். எப்படி என்பதற்கு, நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

## 1952: அரிசிக்கு ரப்பர்

அப்போது இலங்கைக்குச் சிலோன் என்று பெயர். ஆண்டது ஐக்கிய தேசியக் கட்சி, பிரதமர் டட்லி சேனநாயக்க. கம்யூனிசம் என்றாலே ஆகாத அரசு அது. பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தது. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம், கட்டுநாயக்கவில் விமானத் தளம். எந்தப் பக்கம் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும்.

ஆனால் நாட்டில் விளையும் அரிசி மக்களுக்குப் போதாது, பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்க வேண்டும். அரசு அதை மானிய விலையில் ரேஷனில் கொடுத்துக்கொண்டிருந்தது. 1951, 52-ல் உலகச் சந்தையில் அரிசி கிடைப்பதே கஷ்டமாகி விலை ஏறியது. அதே நேரத்தில் சிலோன் விற்கும் ரப்பரின் விலை விழுந்தது. கொரியப் போரின் ஆரம்பத்தில் வல்லரசுகள் ரப்பரை வாங்கிக் குவித்ததால் ஏறிய விலை அது. குவிப்பு நின்றதும் சரிந்துவிட்டது. விற்பது மலிவு, வாங்குவது கொள்ளை விலை. எந்தக் குடும்பத்துக்கும் புரியும் நெருக்கடி இது.

சிலோன் முதலில் போய் நின்றது அமெரிக்காவிடம்தான். கேட்ட விலையில் அரிசியும் கிடைக்கவில்லை, ரப்பருக்கும் நல்ல விலை கிடைக்கவில்லை. மறுபுறம் சீனாவுக்கு ரப்பர் அவசரமாகத் தேவைப்பட்டது. கொரியப் போரில் எதிர்த்தரப்பில் நின்றதால், போருக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்று 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டிருந்தது. அந்தப் பட்டியலில் ரப்பரும் உண்டு.

1952 டிசம்பரில், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க காலத்தில், ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி சீனாவிலிருந்து வரும், 50,000 டன் ரப்பர் சிலோனிலிருந்து போகும். அரிசி சந்தை விலையைவிடக் குறைவு, ரப்பருக்குச் சந்தை விலையைவிட அதிகம். இதில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. சிலோனுக்கும் மக்கள் சீனத்துக்கும் அப்போது ஒருவர் நாட்டில் ஒருவருக்குத் தூதரகம்கூட இல்லை. அது வந்தது 1957-ல்தான்.

ஐ.நா. தடையை மீறலாமா? சிலோன் அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை. சேர விண்ணப்பித்தபோது சோவியத் யூனியன் வீட்டோ போட்டுத் தடுத்துவிட்டது. கதவுக்கு வெளியே நிறுத்திவைத்தவர்களின் விதி என்னை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று வாதிட இடம் இருந்தது. அமெரிக்கா விடவில்லை, தன் சட்டத்தைக் காட்டிச் சில ஆண்டுகள் உதவியை மறுத்தது. அந்த இழப்பைச் சிலோன் தெரிந்தே ஏற்றுக்கொண்டது.

அரிசி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது மறு ஆண்டே தெரிந்தது. 1953-ல் அரசு ரேஷன் அரிசி விலையை ஒரு கொத்துக்கு (அரிசி அளக்கும் அளவு) 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 அன்று நாடு முழுக்க ஹர்த்தால். டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வெளியுறவுக் கொள்கை வெளிநாட்டு மாநாட்டு அரங்கில் பிறக்கிறது என்று நினைக்கிறவர்கள் இந்த 25 சதத்தையும் 70 சதத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்படியானால் சிலோன் சீனா பக்கம் போய்விட்டதா? 1955-ல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு. சிலோன் பிரதமர் சர் ஜான் கொத்தலாவல, சீனப் பிரதமர் சூ என்லாய் அந்த மாநாட்டில் இருக்கும்போதே, கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சோவியத் யூனியன் பிடித்துவைத்திருப்பதும் காலனி ஆதிக்கம்தான் என்று பேசினார். சீன அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டே கம்யூனிசத்தைக் கண்டித்தது அந்த அரசு. பிரிட்டிஷ் தளமும் அப்படியே இருந்தது. பாதுகாப்புக்குப் பிரிட்டன், சோற்றுக்குச் சீனா என்று இரண்டு கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. நடுவில் கொழும்பில் எத்தனையோ ஆட்சி மாறியது.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளில் மலையகத் தமிழர் கைகளும் இருந்தன. 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. வெளியே அவ்வளவு நிதானமாகக் கணக்குப் போட்ட ஓர் அரசு, உள்ளே செய்தது அது.

## ஜன்னலை மூடிக்கொண்டு ஓடிய ரயில்

1955 டிசம்பர் 14 அன்று ஐ.நா. ஒரே நாளில் 16 நாடுகளைச் சேர்த்துக்கொண்டது. வல்லரசுகள் தங்களுக்குள் 'உன் ஆளுக்கு நான் தடை போடவில்லை, என் ஆளுக்கு நீ போடாதே' என்று பேசி முடித்த ஏற்பாடு. அதில் சிலோனும் இருந்தது, பின்லாந்தும் இருந்தது.

பின்லாந்தின் கதை இன்னும் கடினமானது. ரஷ்யாவிடமிருந்து 1917-ல் பிரிந்த நாடு. எல்லை சுமார் 1,340 கிலோமீட்டர். 1939 இலையுதிர் காலத்தில் சோவியத் தலைவர் ஸ்டாலின் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றிடமும் ராணுவத் தளம் கேட்டார், மூன்றும் கொடுத்தன. மறு ஆண்டு கோடையில் மூன்றும் வரைபடத்திலிருந்தே மறைந்தன, சோவியத் யூனியனுக்குள் போய்விட்டன. பின்லாந்திடம் நிலமும் தளமும் கேட்டார், அது மறுத்தது. நவம்பர் 30 அன்று படையெடுப்பு. நூறு நாளைத் தாண்டிய குளிர்காலப் போர். பின்லாந்து தோற்றது, ஆனால் விழுங்கப்படவில்லை. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டு வந்தார்கள். பிறகு 1941-ல் ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடி போரிட்டு, 1944-ல் மறுபடி தோற்றது.

அந்தத் தோல்வியின் விலைகளில் ஒன்று பொர்க்கலா. தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கடலோரத் துண்டு. அதைச் சோவியத் படைத்தளத்துக்கு ஐம்பது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே இருந்த மக்களுக்குக் காலிசெய்யக் கிடைத்தது பத்து நாள். ஹெல்சின்கியிலிருந்து துர்க்கு நகருக்குப் போகும் ரயில் பாதை அந்த நிலத்தின் வழியாகத்தான் போனது. எல்லைக்கு வந்ததும் ரயில் பெட்டிகளின் ஜன்னல்களை வெளிப்பக்கமாகப் பலகை வைத்து மூடுவார்கள். சோவியத் இன்ஜின் வந்து இழுத்துப்போகும். உள்ளே இருட்டில் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள், தங்கள் சொந்த நாட்டின் ஊடாகவே. உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம் என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது.

1948-ல் சோவியத் யூனியன் நட்பு ஒப்பந்தம் கேட்டது. ஹங்கேரியும் ருமேனியாவும் போட்டதுபோன்ற ஒப்பந்தம் வேண்டும் என்றது. அதிபர் பாசிகிவி கேட்டதை அப்படியே கொடுக்கவில்லை. ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்தைத் தாக்கினால், அல்லது பின்லாந்து வழியாகச் சோவியத் யூனியனைத் தாக்கினால், பின்லாந்து தன் எல்லைக்குள் நின்று போரிடும். சோவியத் உதவி தேவையா என்பதை இருவரும் பேசி முடிவுசெய்வார்கள். அவ்வளவுதான். வல்லரசுகளின் சண்டையிலிருந்து விலகி நிற்க பின்லாந்து விரும்புகிறது என்ற வாசகமும் ஒப்பந்தத்தின் முன்னுரையில் இடம்பெற்றது. அந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்லாந்து நாற்பது ஆண்டு நடந்தது என்று சொல்லலாம்.

கொடுத்தது என்ன? போரில் சிதைந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்ட நிதியை 1947-ல் வேண்டாம் என்றது. 1956-ல் சோவியத் படை ஹங்கேரிக்குள் புகுந்தபோது ஐ.நா.வில் கண்டிக்காமல் ஒதுங்கியது. பத்திரிகைகள் சோவியத்தைப் பற்றித் தாங்களாகவே அடக்கி வாசித்தன. 1961-ல் மாஸ்கோவிலிருந்து ஒரு மிரட்டல் கடிதம் வந்ததும், அதிபர் கெக்கோனனை எதிர்த்து நிற்க இருந்த வேட்பாளர் ஹோன்கா விலகிக்கொண்டார். கெக்கோனன் கால் நூற்றாண்டு அதிபராக இருந்தார். 1973-ல் தேர்தலே இல்லாமல் தனிச் சட்டம் போட்டு அவர் பதவியை நான்கு ஆண்டு நீட்டினார்கள். ஒரு ஜனநாயகத்துக்கு இவை சின்னக் காயங்கள் அல்ல.

இப்படிப் பெரியவரின் முகம் கோணாமல் தன் பேச்சையும் நடத்தையையும் தானே சுருக்கிக்கொள்வதற்குப் பின்லாந்துமயம் என்று பெயர் வைத்தார்கள். மேற்கு ஜெர்மனி அரசியலில் வசைச்சொல்லாகப் பரவிய பெயர் அது.

காத்துக்கொண்டது என்ன? நாடாளுமன்றம், தேர்தல், சந்தைப் பொருளாதாரம், சொந்த ராணுவம். பொர்க்கலாவைச் சோவியத் யூனியன் 1956-லேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. 1975-ல் கிழக்கும் மேற்குமாக 35 நாடுகள் ஹெல்சின்கியில் கூடி ஒப்பந்தம் போட்டன. 1995-ல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. கட்டாய ராணுவப் பயிற்சியை ஒரு நாளும் கைவிடவில்லை. 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு நடத்திய பிறகு, 2023 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ந்தது. பெரியவரிடம் இருந்த பயமும் மரியாதையும் மாறியதும் கணக்கும் மாறியது.

என் பார்வையில் இதில் முக்கியமானது வரிசை. பின்லாந்தின் பணிவுக்கு மதிப்பு வந்தது, அதற்கு முன்னால் அது போரிட்டிருந்ததால். விழுங்கப் பார்த்தால் தொண்டையில் மாட்டும் என்று ஸ்டாலினுக்குத் தெரிந்திருந்தது. பால்டிக் நாடுகள் மூன்றும் பணிந்தன, அந்தப் பணிவுக்கு எந்த விலையும் கிடைக்கவில்லை. அந்த மூன்றைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு முன்னால் இருந்த வழிகளில் எது நல்லது என்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

இரண்டு கதைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது: சிறிய நாடு முதலில் எதை விடவே முடியாது என்று முடிவுசெய்கிறது. சிலோனுக்கு அரிசி, பின்லாந்துக்கு உள்நாட்டு ஆட்சிமுறை. அதைக் காப்பாற்ற மற்றவற்றில் விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுத்ததை மட்டும் பார்ப்பவருக்கு அது அடிமைத்தனமாகத் தெரியும்.

## நடுநிலை வேறு, அணிசேராமை வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நம்மிடம் அதிகம். நடுநிலை என்பது போர் வந்தால் எந்தத் தரப்பிலும் சேரமாட்டேன் என்ற சட்டபூர்வமான நிலை, சுவிட்சர்லாந்து போல. அணிசேராமை என்பது ராணுவக் கூட்டணிகளில் சேராமல், ஒவ்வொரு விஷயத்திலும் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை வைத்துக்கொள்வது. 1961-ல் பெல்கிரேடில் 25 நாடுகள் கூடித் தொடங்கிய இயக்கம் அது. 1976-ல் அதன் உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. அணிசேரா நாடு வாய் திறக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

நடுநிலை என்று எழுதி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839-ல் ஐரோப்பிய வல்லரசுகளே உத்தரவாதம் கொடுத்திருந்தன. 1914-ல் ஜெர்மன் படை அதன் வழியாகத்தான் பிரான்சுக்குள் போனது.

## நிலத்தை இழந்து நாட்டைக் காத்த சயாம்

நம் ஏக்கர்க்காரரின் 'நடுவில் இருப்பது' என்ற பலத்துக்குப் பெயர் இடைத்தாங்கி நாடு. இரண்டு வல்லரசுகள் நேருக்கு நேர் முட்டாமல் நடுவில் நிற்கும் நாடு. இன்றைய தாய்லாந்து, அன்றைய சயாம், இதற்குச் சரியான உதாரணம். மேற்கே பர்மாவில் பிரிட்டன், கிழக்கே இந்தோசீனாவில் பிரான்ஸ். 1893-ல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக்வரை வந்தன. 1896-ல் நடுப் பகுதியைத் தொடுவதில்லை என்று பிரிட்டனும் பிரான்சும் தங்களுக்குள் உடன்பட்டன. மன்னர் சூலாலங்கோர்ன் ஓரங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். 1907-ல் சியம் ரீப், பட்டம்பாங் பிரான்சுக்குப் போயின. 1909-ல் கெடா உள்ளிட்ட நான்கு மலாய் அரசுகள் பிரிட்டனுக்குப் போயின. ராஜேந்திர சோழனின் கடாரம் என்று நாம் படிக்கும் அதே கெடாதான். ஆலோசகராக ஒரு வெளிநாட்டவர் வேண்டியிருந்தபோது அவர் பிரிட்டனிலிருந்தோ பிரான்சிலிருந்தோ ஆளைக் கூப்பிடவில்லை. பெல்ஜியத்துக்காரர் ஒருவரை அமர்த்தினார்.

## சட்டத்தை ஏன் இறுகப் பிடிக்கிறார்கள்

1965-ல் தனி நாடான சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த தமிழர். சுமார் 19 லட்சம் மக்கள் மட்டுமே கொண்ட துறைமுக நகரம் ஒன்றுக்கு வெளியுறவுக் கொள்கையை எழுதும் வேலை அவருக்கு வந்தது. 1967-ல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிய ஐந்து பேரில் அவரும் ஒருவர். சின்ன நிலக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுப்பது என்று சொன்னோமே, அது இது.

1983-ல் அமெரிக்கா கிரெனடா என்ற சின்னத் தீவுக்குள் படையை அனுப்பியது. சிங்கப்பூருக்கு அமெரிக்கா நெருங்கிய நண்பர். ஆனாலும் ஐ.நா. பொதுச்சபையில் அந்தச் செயலை வருந்திக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாகச் சிங்கப்பூர் ஓட்டுப் போட்டது. நண்பர் செய்தால் சரி என்று இன்று ஒப்புக்கொண்டால், நாளை தன் வாசலில் ஒருவர் நிற்கும்போது சொல்ல வார்த்தை இருக்காது. பெரியவர்களுக்குச் சர்வதேசச் சட்டம் பல கருவிகளில் ஒன்று. சிறியவர்களுக்கு அது வேலி.

## அண்ணன் தம்பி சண்டை

பாடப்புத்தகங்களில் குறைவாகவும் நிஜத்தில் அதிகமாகவும் வரும் பகுதி இது. சிறிய நாட்டின் கை எங்கே கட்டப்படுகிறது என்று தேடினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் கண்டுபிடிக்கிறோம்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. அகதிகள் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அதுவரை இலங்கையின் உள்விவகாரமாக இருந்தது அன்று முதல் இந்தியாவின் விவகாரமாகவும் ஆனது. அதிபர் ஜெயவர்த்தன அமெரிக்கா பக்கம் சாய்ந்து நின்றவர். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருள்களைப் போட்டபோது, தூரத்து நண்பர்கள் யாரும் ஓடி வரவில்லை. ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்கு எதிராக எந்த நாடும் திருகோணமலையை ராணுவத்துக்குப் பயன்படுத்த விடுவதில்லை என்ற உறுதியும் இருந்தது. 2012-ல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை குறித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டதும் இதே சங்கிலியின் இன்னொரு கண்ணி.

தன் குடிமக்களில் ஒரு பகுதியினரை நியாயமாக நடத்தியிருந்தால், வெளியிலிருந்து யாரும் பிடித்து ஆட்டக்கூடிய பிடி இலங்கை அரசிடம் இவ்வளவு இருந்திருக்காது. இதை நான் தமிழனாக மட்டும் சொல்லவில்லை. வெளியுறவுக் கணக்காகப் பார்த்தாலும் விடை இதேதான் வருகிறது.

சுருக்கிப் பார்த்தால்: கிணறு வெட்டுவது, சாட்சியைத் தவிர்ப்பது, சேர்ந்து மனுக் கொடுப்பது எல்லாம் வெளியே செய்யும் வேலை. உள்ளே பிளவு இருந்தால் இந்த வேலைகள் எதுவும் முழுப் பலன் தராது.

## மறுபடியும் அந்த விமானமும் கப்பலும்

இப்போது 2022 ஆகஸ்ட்டுக்குத் திரும்புவோம். அந்த ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. பெட்ரோல் பங்க்குகளில் நாள்கணக்கில் வரிசை. எரிபொருளுக்கும் மருந்துக்கும் உணவுக்கும் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. வாய்க்கால் அந்தப் பக்கம். ஆனால் நாடு எழுந்து நிற்க சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வேண்டும். அது கிடைக்க, பழைய கடன் கொடுத்தவர்கள் எங்கள் பாக்கியைத் தளர்த்துகிறோம் என்று எழுதித் தர வேண்டும். அவர்களில் முக்கியமானவர் சீனா. வண்டிப்பாதை இந்தப் பக்கம். போதாததற்கு, கப்பல் வர இருந்த அம்பாந்தோட்டைத் துறைமுகமே 2017-ல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டு குத்தகையில் சீன நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது.

கொழும்பு முதலில் கப்பலை ஒத்திப்போடச் சொல்லிச் சீனாவிடம் கேட்டது. பிறகு நிபந்தனையோடு அனுமதித்தது: கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியை அணைக்கக் கூடாது, இலங்கைக் கடலில் ஆராய்ச்சி எதுவும் நடத்தக் கூடாது. 15-ம் தேதி விமானத்தை வாங்கிக்கொண்டது. 16-ம் தேதி கப்பல் வந்தது, 22-ம் தேதி போனது. செப்டம்பர் 1 அன்று நாணய நிதியத்தோடு 290 கோடி டாலருக்கு முதல்கட்ட உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவும் பிறகு சீனாவும் உறுதி தந்தபின், 2023 மார்ச் 20 அன்று நிதியத்தின் செயற்குழு ஒப்புதல் கொடுத்தது.

இந்த முடிவு சரியா என்று கேட்டால், அந்த ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தவறு நடந்தது அதற்குப் பல ஆண்டு முன்னால், கிணறு வெட்டாமல் கடன் வாங்கிக்கொண்டே போன காலத்தில்.

2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எதுவும் வரக் கூடாது என்று இலங்கை அறிவித்தது. சீனாவின் பெயரைச் சொல்லவில்லை, எல்லா நாட்டுக்கும் பொது விதி. அதே ஆண்டில் ஒரு ஜெர்மன் ஆய்வுக் கப்பல் கொழும்பில் நிற்க அனுமதி பெற்றது. சீனத் தரப்பு உடனே ஆட்சேபித்தது. ஆராய்ச்சிக்காக இல்லை, எரிபொருளும் சாமானும் ஏற்றிக்கொள்ள மட்டும்தான் என்று கொழும்பு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.